மாஸ்க் இறங்கவே இல்லை

போன வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் நடந்தது இது. வீடு ஸ்ரீரங்கம்னாலும் எனக்குப் பிழைப்பு திருச்சி காந்தி மார்க்கெட்லதான். வெங்காயக் கடை. எனக்கு எதிர்த்தாப்புல எலுமிச்சம்பழக் கடை. அந்தக் கடைக்காரிக்கும் எனக்கும் தள்ளுவண்டி நிறுத்தறதுல சண்டை வந்து, பேச்சே கிடையாது. யார் மேல தப்புன்னு கேக்காதீங்க, அவ மேலதான்.

நடுவுல அவளுக்குக் கிட்னி கெட்டுப்போய், வீட்டுக்காரரே தன்னோடதுல ஒண்ணைக் குடுத்தார். ஒரு வருஷம் கழிச்சு மாஸ்க் போட்டுக்கிட்டு கடைக்குத் திரும்பி வந்தா. காலையில ஒன்பது, ராத்திரி ஒன்பது, மாத்திரை தவறவே கூடாதாம். தவறினா, வச்ச கிட்னியை உடம்பே ஏத்துக்காதாம். அதுக்காக போன்ல ஒரு ஆப். ஒன்பதுக்கு மணியடிக்கும், மாத்திரையைப் போட்டுட்டு பட்டனை அழுத்தணும். போட்டாச்சா இல்லையான்னு ரெண்டு பேருக்கு மெசேஜ் போகும். ஒருத்தர் வீட்டுக்காரர். அவருக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்ல வேலை, வேலை நேரத்துல போனைத் தொட முடியாது. ரெண்டாவதா யார் நம்பரைக் குடுத்தார் தெரியுமா? என் நம்பரை!

“ஏங்க, ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா?”ன்னு கேட்டேன்.

“நாள் பூரா அவளையே முறைச்சுப் பாக்கறது நீங்க ஒருத்தர்தானேக்கா”ன்னார். சிரிப்பை அடக்க முடியலை. சரின்னுட்டேன்.

பூஜைக்கு முந்தின நாளாச்சே, அன்னைக்கு எலுமிச்சம்பழத்துக்கு அடிதடி. ஒன்பது மணிக்கு ‘போட்டாச்சு’ன்னு மெசேஜ் வந்துது. நிமிர்ந்து பார்த்தா, அவளுக்கு ஒரு கை மூட்டைக்குள்ள, ஒரு கை கல்லாவுல. மாஸ்க் மூக்கு மேல ஏத்தினது ஏத்தினபடியே இருக்கு. அதை இறக்காம மாத்திரை எப்படி உள்ள போகும்?

அதுக்கு முந்தின நாளும் இதையேதான் பார்த்தேன். நாமளா போய்ப் பேசறதாங்கற வீம்பு. அப்புறமா போட்டுக்குவான்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். ரெண்டாவது நாளும் பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்தேன், மாஸ்க் இறங்கவே இல்லை. தண்ணி பாட்டிலோட கூட்டத்துக்குள்ள புகுந்து, “ஏய், மாஸ்க்கை இறக்குடி!”ன்னு கத்திட்டேன். சண்டை ஆரம்பிச்சுடுச்சுன்னு நாலு கடைக்காரங்க ஓடி வந்துட்டாங்க.

“மெசேஜ் வரலையாக்கா?”ன்னா.

“வந்துது. மாத்திரை உள்ள போச்சா?”

திருதிருன்னு முழிச்சா. நாள்வாரியா மாத்திரை போட்டு வச்சிருக்கற டப்பாவைத் திறந்தா, அன்னைக்குப் போட வேண்டியதும் இருக்கு, முந்தின நாள் காலை மாத்திரையும் இருக்கு. மணிச் சத்தத்தை நிறுத்தறதுக்காக பட்டனை அழுத்திட்டு, வியாபாரத்துல மறந்திருக்கா. என் கண் முன்னாலயே ஒன்பது மணி மாத்திரையை முழுங்க வச்சேன். ஆஸ்பத்திரிக்கும் நானே போன் போட்டேன். விட்டுப்போனதைச் சேர்த்துப் போடக் கூடாது, உடனே ரத்தப் பரிசோதனைக்கு வரணும்னாங்க. அவளை ஆட்டோவுல ஏத்தி விட்டுட்டு, ரெண்டு கடைக்கும் நடுவுல நான் பம்பரமாச் சுத்தினேன். எலுமிச்சம்பழம் என்ன விலைன்னு எனக்கு யாரு சொன்னா? வாய்க்கு வந்ததைச் சொல்லி வித்தேன்.

சாயங்காலம் வந்தா. கிட்னிக்கு ஒண்ணும் ஆகலையாம். ரங்கநாதா, அப்பதான் எனக்கு மூச்சே வந்துது!

“நேத்தும் பார்த்தீங்களாக்கா?”ன்னு கேட்டா. பார்த்தேன்னேன்.

“அப்பவே கத்தியிருக்கலாம்ல?”

எலுமிச்சம்பழம் வித்த காசை எண்ணி அவ கையில குடுத்தேன்.

இப்பல்லாம் ஒன்பது மணிக்கு என் கடைக்கே வந்து முழுங்கிட்டுத்தான் பட்டனை அழுத்தறா. எங்களுக்குள்ள சண்டை இன்னும் தீரலை. ஆனா, யார் மேல எவ்வளவு கோபம் வந்தாலும் பேசாம மட்டும் நான் இருக்கறதே இல்லை; திட்டியாவது பேசிடறேன்.