வயோலாவுக்கு இல்லாத தாள்

தொண்ணூறுகளில், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நாங்கள் நான்கு பேர் பர்மாவில், தாமுவே பகுதியில் ஒரு பல் மருத்துவர் வீட்டில் கூடி வாசிப்போம். அவர் பர்மியர், எல்லோரையும் போல நாங்களும் அவரை ஸயா என்றே மரியாதையாக அழைத்தோம். அவர் செல்லோ, அவர் மனைவி முதல் வயலின், நான் இரண்டாவது வயலின், என் அக்கா வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா. அக்காவும் நானும் மாதா கோயிலில் கற்றவர்கள். கேட்க ஆள் கிடையாது. வாசித்துவிட்டு, பால் ஊற்றிய லபெயே தேநீர் குடித்துக் கலைவோம்.

ஒருமுறை, கப்பலில் வேலை பார்த்த ஸயாவின் மருமகன் ஏதோ துறைமுகத்துப் பழைய புத்தகக் கடையிலிருந்து இசைத்தாள்கள் கொண்டுவந்தார். மேற்கு ஆப்பிரிக்கர் ஒருவர் தன் ஊர் மேளங்களின் தாளத்தை நான்கு தந்திக் கருவிகளுக்கு எழுதியிருந்தார். வயோலாவின் தாள் மட்டும் இல்லை.

ஆறு எண்ணிக்கைக்குள் வயலின்கள் மூன்று மூன்றாகப் போக, செல்லோ இரண்டிரண்டாகப் போனது. ஸயாவும் நானும் மாறி மாறித் தடுக்கினோம். நடுவில் வயோலா என்னதான் வாசித்திருக்கும் என்று அக்காவுக்கு ஒரே குடைச்சல். சமைக்கும்போதும் அதையே முணுமுணுப்பாள். கடைசியில் தானே ஒன்றை இட்டுக்கட்டினாள், மூச்சு விடாமல் ஓடும் மெட்டு. நன்றாகவே இருந்தது.

சில ஆண்டுகள் கழித்து மருமகன் அந்த இசையின் குறுந்தட்டைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார். கரண்ட் இருந்த ஒரு மதியம் போட்டோம். தொடங்கியதுமே டொக், டொக் என்று கேட்டது.

"தம்பி, யாரோ கதவ தட்டுறாங்க, போய்ப் பாரு," என்றாள் அக்கா.

வாசலில் யாரும் இல்லை. திரும்பி வந்தால் ஸயா ஒலிபெருக்கியில் காதை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். தட்டல் இசைக்குள்ளேயே இருந்தது. உறையில் இருந்த குறிப்பின்படி, வயோலாக்காரர் வில்லை வைத்துவிட்டுக் கருவியின் மரத்தை விரல்முட்டியால் தட்டுகிறார். பாதி இசை வரை அவருக்கு அவ்வளவுதான் வேலை.

அக்கா வருத்தப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ மறுபடி போடச் சொன்னாள். பிறகு வயோலாவை மடியில் கிடத்தித் தட்டினாள்; நாங்கள் வாசித்தோம். எங்கள் வயலின்களின் மூன்றும் ஸயாவின் இரண்டும் சந்திக்காத இடங்களில் அந்தத் தட்டல் விழுந்தது. அன்றுதான் நாங்கள் ஒருவருமே தடுமாறவில்லை.

"என்னோடதையும் விட வேணாம். ஒரு வாட்டி அது, ஒரு வாட்டி இது," என்றாள்.

அப்படியே வாசித்தோம். ஆனால் அந்தத் தட்டல் எந்த மேளத்தினுடையது என்று தெரியாமல் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த பயணத்தில் விசாரிக்கும்படி மருமகனிடம் சொல்லி அனுப்பினாள். தான் விசாரித்தவர்களெல்லாம் ஆளுக்கொரு மேளத்தின் பெயரைச் சொன்னார்கள் என்று வந்து சொன்னார். ஒவ்வொன்றையும் எப்படி அடிக்கிறார்கள் என்று அக்கா கேட்டாள். அவர் கூச்சப்பட்டுக்கொண்டே, நினைவிருந்ததை மேசையில் தட்டிக் காட்டினார்.