டெல்லிக்குப் போற சரக்கு

மதியம் தூங்க மறுக்கும் மகளுக்காக வாங்கிய, வண்ண மணிகளை நிறவாரியாகப் பிரிக்கும் விளையாட்டுப் பெட்டியை நான் திறந்த நேரத்தில், அடுப்படியில் மனைவி டீக்கு ஏலக்காய் தட்டினாள். அந்த மணம் என்னைக் கம்பத்தில், இப்போது செல்போன் கடையாகிவிட்ட ஏலக்காய்க் கிட்டங்கியின் சாக்குகளுக்கு நடுவே உட்கார வைத்துவிட்டது.

அங்கே காய் தரம் பிரித்த அம்மாவுக்கு மதியச் சோற்றுக்குப் பின் அரை மணி நேரத் தூக்கம்தான் ஓய்வு. எனக்கோ பகல் தூக்கம் விட்டுப்போன ஐந்து வயது. சுளகில் ஒரு கை காயைக் கொட்டி, "ஏலே, இது டெல்லிக்குப் போற சரக்கு. பெருசு, சிறுசு, வெடிச்சதுன்னு பிரி. சத்தம் போட்டீனா மொதலாளி ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிருவாக" என்று சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிடுவாள். டெல்லியே டீக்குக் காத்திருப்பதாக நம்பி, இன்று அலுவலகத்தில் காட்டாத அக்கறையோடு உழைத்தேன்.

ஒருநாள் ஆசையில் ஒரு காயைக் கடித்துவிட்டு, பயந்துபோய்க் குவியலிலேயே போட்டேன். மறுநாள் புதுச் சரக்கு என்று அம்மா கொட்டியதைப் பிரித்து முடிக்கும்போது, என் பல் தடத்தோடு அதே காய் கிடந்தது.

நியாயம் கேட்க வாயைத் திறந்தேன். தூக்கத்திலும் அம்மாவின் விரல்கள் காய் பிரித்துக்கொண்டிருந்தன. பிரித்துவைத்த மூன்று குவியலையும் சத்தமில்லாமல் கலந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.