வெறும் ஃப்ளூ

முதலில் இருமல்கூட இல்லை. மறைமலை நகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த என் கணவர், வேலை முடிந்து வந்ததும் அப்படியே சோபாவில் சாய்ந்தார். மேடவாக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். "உடம்பெல்லாம் அட்ச்சிப் போட்டா மாறி கீது சுமதி" என்றார். தொட்டுப் பார்த்தேன். கொதித்தது.

மறுநாள் கிளினிக்கில் மூக்கில் குச்சி விட்டுச் சளி எடுத்தார்கள். முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. கொரோனாவில் எங்கள் குடியிருப்பில் இரண்டு பேரைப் பறிகொடுத்திருந்தோம்.

மூன்றாம் நாள் போன் வந்தது. "கொரோனா இல்ல மேடம். இன்ஃப்ளூயன்சா பாசிட்டிவ்." முதல் வாக்கியத்தோடு என் காது மூடிக்கொண்டது. சாமி படத்தின் முன் விழுந்து கும்பிட்டேன். குடியிருப்பு வாட்ஸப் குழுவில், "கொரோனா இல்லை, வெறும் ஃப்ளூதான். யாரும் பயப்பட வேண்டாம்" என்று போட்டேன். கட்டைவிரல்களாக வந்து குவிந்தன. அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்தும் கேசரி கிளறினேன். அவ்வளவு சந்தோஷம்.

கிளினிக் டாக்டரம்மா சிரிக்கவில்லை. "சாருக்கு சுகர் இருக்கு. ஃப்ளூவ லேசா எடுத்துக்காதீங்க. இந்த ஆன்டிவைரல் மாத்திரைய (வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் மருந்து) இன்னிக்கே ஆரம்பிங்க" என்றார்.

பக்கத்து மருந்துக் கடையில் அது இல்லை. தாம்பரத்தில் கிடைக்கும் என்றார்கள். "சளி ஜுரத்துக்கு தாம்பரம் போறியா? சும்மா பேஜார் பண்ணாத" என்றார் இவர். சரி என்றேன். பாவி, சரி என்றேன்! கொரோனா என்றிருந்தால் செங்கல்பட்டுக்கு நடந்தே போயிருப்பேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் "தண்ணி" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு அப்புறம்தான் "குடு" என்றார். பீரோவைத் திறந்தேன். ஆக்ஸிமீட்டர் (விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டும் கருவி) அங்கேதான் கிடந்தது. கொரோனா காலத்தில் வேளைக்கு ஒருமுறை மாட்டிப் பார்த்த கருவி. இந்த ஐந்து நாளில் ஒருமுறைகூட அதன் நினைவு வரவில்லை. என் மனதில் அது கொரோனா மெஷின்.

பேட்டரி தீர்ந்திருந்தது. டிவி ரிமோட்டிலிருந்து இரண்டைப் பிடுங்கிப் போட்டேன். எண்பத்திரண்டு. "மெஷின் கெட்டுப் போயிருக்கும்" என்றார். என் விரலில் மாட்டினேன். தொண்ணூற்றெட்டு.

ஆஸ்பத்திரியில் நிமோனியா (நுரையீரல் அழற்சி) என்றார்கள். வென்டிலேட்டர் (செயற்கைச் சுவாசக் கருவி) வைத்தார்கள். வராந்தாவில் டாக்டர், "ரொம்ப லேட்டா வந்திருக்கீங்க" என்றார். "கொரோனா இல்லையே டாக்டர்?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன்.

நான்கு நாளில் இவர் போய்விட்டார்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும், "கொரோனாவா?" என்று கேட்டார்கள். ஃப்ளூ என்றேன். "ஃப்ளூலகூடவா சாவாங்க?" என்றார் ஒருவர். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பத்து நாளைக்கு முன் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

வீட்டில் காய்ச்சல்காரரை வைத்துக்கொண்டு இதைப் படிக்கிறவர்களே, உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை. ஃப்ளூ வந்த பெரும்பாலானவர்கள் எழுந்துவிடுகிறார்கள். எங்களுக்குச் சொன்ன மாத்திரையை நாங்கள் வாங்கவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன வாரம் அதே குழுவில் மூன்றாம் மாடிப் பெண் எழுதியிருந்தாள்: "எனக்குக் கொரோனா இல்ல, வெறும் ஃப்ளூதான்." கீழே கட்டைவிரல்கள். நான் போட்டதும் மேலே எங்கோ இன்னும் கிடக்கிறது. இனி அழிக்க முடியாது.

ரிமோட்டிலிருந்து பேட்டரியைப் பிடுங்கி ஆக்ஸிமீட்டரில் போட்டுக்கொண்டு மாடியேறினேன்.

"அக்கா, கொரோனா இல்லக்கா" என்றாள்.

"தெரியும். கையைக் குடும்மா."

எண் வர ஐந்தாறு நொடி ஆகும். அதுவரை எனக்கு மூச்சு வராது. அந்த ஐந்தாறு நொடியும் என் கண்ணுக்குள் என் கணவர் கட்டிலில் உட்கார்ந்து தன் விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.