ஜன்னலை மறைத்த கோழிக்கூடு

எதிர் வீட்டு சாம்சனை யாராவது விவசாயி என்று சொன்னால் அவருக்கு முகம் மலர்ந்துவிடும். வல்லம் வடகாலில் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்தபோது தகப்பனார் வயலைக் கொடுத்தார். வந்த பணத்தில் ஒரு மாடி வீடு, ஏசி வைத்த படுக்கையறை, ஒரு கார், வீட்டின் பக்கவாட்டில் வரிசையாக ஐந்து வாடகை அறைகள். அவர் வயலில் இறங்கி நான் பார்த்ததில்லை. அவர் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து எதிரில் குடியிருக்கிறேன், இறங்கியிருந்தால் தப்பியிருக்காது.

போன சித்திரையில், செம்பரம்பாக்கம் பக்கம் இருந்த அவருடைய மைத்துனி ஃப்ளாட்டுக்குக் குடிபோனாள். அவள் வளர்த்த ஆறு நாட்டுக்கோழிகளை சாம்சன் வாங்கிக்கொண்டார். கோழிகள் வருவதற்கு முன்பே பலகை வந்துவிட்டது: ‘சாம்சன் நாட்டுக்கோழிப் பண்ணை’.

கூட்டுக்கு நான்கு சுவர் வேண்டும். மூன்றைக் கட்டிவிட்டு, நான்காவதாகக் கடைசி வாடகை அறையின் பின்சுவரை வைத்துக்கொண்டார். அந்த அறைக்கு இருந்த ஒரே ஜன்னல் அந்தச் சுவரில்தான் இருந்தது. கொத்தனார் தயங்கினார்.

“ஜன்னல் இன்னா பண்ணுது? சாத்திக்கினா போச்சு,” என்றார் சாம்சன்.

அந்த அறையில் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்கள் நான்கு பேர். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் எல்லாருக்கும் நைட் ஷிப்ட். காலையில் கம்பெனி பஸ் இறக்கிவிடும். பகலில்தான் தூங்க வேண்டும். மூத்தவள் மதிவதனி. கடைசியாக வந்தவள் ஜோதி, இன்னும் ட்ரெய்னிதான். லைனில் நின்றபடியே இரண்டு முறை கண் அயர்ந்துவிட்டாள். இன்னொரு தடவை என்றால் ஊருக்கு டிக்கெட் போட்டுக்கொள் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். இதை ஜோதி அழுதுகொண்டே சாம்சனின் மனைவி மெர்சியிடம் சொன்னாள். தெருக்குழாயடியில் சொன்னதால் எனக்கும் தெரியும்.

கோழிகள் வந்தன. வளர்ந்த கோழிகள், அவற்றுக்கென்று பழகின இடமும் பழகின வழக்கமும் இருந்தன. புதுக்கூட்டின் ஒரு மூலையில் ஆறும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. அடைவதற்கென்று சாம்சன் கட்டிய மூங்கிலை ஏறிட்டும் பார்க்கவில்லை. தீவனம் அப்படியே கிடந்தது. முட்டை இல்லை. ஆனால் விடிந்தது முதல் மத்தியானம் வரை கத்தல் மட்டும் குறையவில்லை.

சாம்சன் கைபேசியில் கோழி வளர்ப்பு வீடியோக்களைத் தெருவுக்கே கேட்கும்படி பார்த்தார். பார்த்துவிட்டு வரிசை வீட்டுக்குச் சட்டங்கள் போட்டார். கூட்டுப் பக்கம் பக்கெட்டை ஓசையாக வைக்கக் கூடாது. காற்றில் படபடக்கிற துப்பட்டாவை அங்கே காயப்போடக் கூடாது. பின்ஜன்னலைத் திறக்கவே கூடாது. ஆள் முகத்தைப் பார்த்தால் கோழி மிரளும்.

“கோழி புச்சு. புது எடம்னா அதுங்களுக்கு மனசு பதறும். நாமதான் அனுசரிச்சுப் போவணும்,” என்றார்.

“நாங்களும் புதுசாத்தான அண்ணாச்சி வந்தோம்?” என்றாள் மதிவதனி.

“நீங்க இன்னா முட்டையா வுடப்போறீங்க?”

மெர்சி உள்ளிருந்து குரல் கொடுத்தாள். “என்னைக் கட்டிக்கினு வந்தப்போ ஒரு நாளு கேட்டிருப்பியாய்யா, மனசு பதறுதான்னு? கோழியா பொறந்திருக்கலாம் நானு.”

அந்தப் பெண்கள் பெட்டியோடு வந்து இறங்கிய அன்று அவர் கேட்டதெல்லாம் ஆதார் நகலும் முன்பணமும்தான். கேட் ஒன்பதுக்குப் பூட்டப்படும் என்று சொன்னதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஜன்னல் மூடிய அறையில் சித்திரை வெயில் எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஜோதி ஈரத்துணியை முகத்தில் போட்டுக்கொண்டு வாசற்படியில் படுத்துப் பார்த்தாள். பார்வைக்கு நன்றாக இல்லை என்று சாம்சன் எழுப்பிவிட்டார். பண்ணை பார்க்க ஆட்கள் வருவார்களாம். ஒருவரும் வரவில்லை.

கூட்டுக்குள்ளும் நிலைமை அதேதான். சிமெண்ட் ஷீட்டின் கீழே கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. இடம் பழக நாளாகும் என்றார் சாம்சன். “முதல்ல எங்க நிம்மதியா அடையுதோ, அதான் கோழிக்கு வூடு. அப்பால அத்த மாத்தவே கூடாது. மாத்தினா முட்டை நின்னுடும்.” இதை என்னிடமே இரண்டு தடவை சொன்னார், ஏதோ தாமே கண்டுபிடித்ததுபோல.

அந்த வாரம் மெர்சியின் முழங்கால் வலிக்காக வேளாங்கண்ணிக்கு ஒரு நேர்த்திக்கடன் பாக்கி இருந்தது. இருவரும் காரை விட்டுவிட்டு ரயிலில் கிளம்பினார்கள். கூட்டின் சாவி மதிவதனி கைக்குப் போனது.

“தண்ணி, தீவனம், வேளாவேளைக்கு. ஒண்ணு செத்துச்சோ, அட்வான்ஸ்ல புடிச்சுக்குவேன்,” என்றார் சாம்சன்.

“சாவ விடுவோமா அண்ணாச்சி? நீங்க கும்புட்டுட்டு வாங்க.”

அன்று மாலை, வேலைக்குப் புறப்படும் முன், மதிவதனி என் வீட்டுக்கு வந்து பெரிய கூடை கேட்டாள். எதற்கு என்று கேட்டேன். சொன்னாள். கொடுத்தேன்.

பொழுது சாயும் நேரத்தில் கோழிகளை இரண்டிரண்டாகக் கூடையில் கொண்டுபோய், வீட்டு முன்புறக் கார் ஷெட்டில் விட்டார்கள். வேப்பமர நிழல் விழும் இடம். தரையும் குளிர்ச்சி. சாம்சனின் ஏசி அறை ஜன்னல் அதற்கு நேர் மேலே. கோழிகளுக்குத் தெரிந்த பழைய தீவனச்சட்டியை அங்கேயே வைத்தார்கள். சாம்பலும் மணலும் ஒரு மூலையில் கொட்டினார்கள். நாய் வராமல் வலையைக் கட்டினார்கள். யாரும் துரத்தவில்லை, யாரும் எட்டியெட்டிப் பார்க்கவில்லை. முதல் நாள் தரையில் படுத்தவை மறுநாள் ஷெட்டின் கம்பியில் வரிசையாக ஏறின. அதற்கடுத்த நாள் சாம்சனின் கார் மேல் ஒரு முட்டை இருந்தது. உருளாமல், வைப்பருக்கு அணைவாக.

சாம்சன் திரும்பி வந்தபோது நான் வாசலில்தான் இருந்தேன்.

“யாருமா இத்த இங்க கொண்டாந்தது? காரப் பாரு, காரப் பாரு! இன்னா கோலம் கீது!”

“வெக்க தாங்காம வாயப் பொளந்துட்டு நின்னுச்சு அண்ணாச்சி. செத்துரும்னு பயந்து நெழலுக்குக் கொண்டாந்தோம். இங்ஙன நல்லா அடையுது. முட்ட ஏழு இருந்துச்சு, இப்பத்தான் மெர்சி அக்காட்ட குடுத்தேன்.”

சாம்சன் ஆறையும் பிடித்துப் பழைய கூட்டில் அடைத்தார். மறுநாள் மாலை கதவைத் திறந்ததும் அவை, பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர்கள் மாதிரி, ஷெட்டுக்கு நடந்தன. மறுபடி அடைத்தார், முட்டை நின்றது. தாம் சொன்னபடியே நின்றது என்பதில் அவருக்குப் பெருமை வந்ததாகத் தெரியவில்லை.

மெர்சி முடித்து வைத்தாள். “அதுங்க அங்கதான் இருக்கும்னு தீர்மானம் பண்ணிடுச்சு. காரை வெளிய நிறுத்துய்யா.”

கார் தெருவுக்கு வந்தது. ஷீட்டையும் புதுச்சுவர்களையும் பிரித்தார்கள். விடியற்காலையில் ஆறு கோழிகளும் ஏசி ஜன்னலுக்கு அடியில் கொக்கரித்தன. விசாரித்தவர்களிடம், காற்றோட்டத்தைப் பல நாள் கவனித்துத் தாமே இடத்தைத் தேர்ந்தெடுத்ததாக சாம்சன் சொன்னார். கண்கள் சிவந்திருந்தன.

பின்ஜன்னல் திறந்தது. ஜோதியின் மூன்று மாத ட்ரெய்னிங், சூப்பர்வைசர் சொன்ன அந்த இன்னொரு தடவை இல்லாமலே கழிந்தது. ட்ரெய்னி அட்டை போய், கம்பெனி ஊழியர் அட்டை கழுத்தில் ஏறியது.

அடுத்த ஒன்றாம் தேதி, காலை பதினொரு மணி வெயிலில் சாம்சன் அந்த அறைவாசலில் போய் நின்றார்.

“காத்து வர்ற ரூமு இது. லைன்லயே இது ஒண்ணுக்குத்தான் இப்டி. வாடகைய ஏத்தணும்.”

“அப்ப ஜன்னல அடச்சு வச்சிருந்த நாளுக்குக் கழிச்சிட்டு ஏத்துங்க அண்ணாச்சி.”

“இன்னாமா நீ, கோர்ட்டு மாரி பேசற?”

“மெதுவாப் பேசுங்க. ஜோதி தூங்கிட்டிருக்கா.”

சாம்சன் தலையை நீட்டி உள்ளே பார்த்தார். ஜன்னலுக்கு நேராகப் பாய், அதில் ஜோதி, ஒரு கை தரையில் விழுந்து கிடந்தது.

“உச்சி வெயில்ல பொம்பளப் புள்ள இப்டித் தூங்குனா வூடு வெளங்குமா?” என்று முணுமுணுத்துக்கொண்டே அடுத்த அறைக்கு நகர்ந்தார். ஜோதி புரண்டுகூடப் படுக்கவில்லை.