எட்டு வயதுக் காவல்காரி

மின்சார அலுவலகத்தின் புகார் பிரிவில் அவளுக்குக் கரண்ட் அக்கா என்று பெயர். ஊரில் எந்தத் தெருவில் விளக்கு அணைந்தாலும் மணி அடிப்பது அவளுடைய மேசையில்தான். "ஒரு மணி நேரமா இருட்டுல கெடக்குறோம். இருட்டுல இருக்கிறது என்ன கொடுமைன்னு உனக்கு என்னம்மா தெரியும்?" என்று எதிர்முனையில் கத்துவார்கள். பிறந்ததிலிருந்தே பார்வை இல்லாத கரண்ட் அக்கா, "தெரியலையே சார், நீங்க சொல்லுங்க" என்பாள். பக்கத்து மேசைக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

கணவர் வாய்த்ததும் அந்தப் போனில்தான். அவர் லைன்மேன். எந்தக் கம்பத்தில் என்ன கோளாறு என்று இவள் சொல்ல, அவர் ஏறிச் சரிசெய்துவிட்டு மேலிருந்தே பதில் சொல்வார். கோளாறு சரியான பிறகும் பேச்சு முடியாமல் நீண்டபோது இருவருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. கம்பத்தில் ஏறின மனுஷன் காதலில் விழுந்தார் என்று அலுவலகத்தில் இன்றைக்கும் கிண்டல் உண்டு. ஒரே மகள், எட்டு வயது. வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். உட்காரச் சொன்ன இடத்தில் உட்காராது, ஏறக்கூடாத இடத்தில்தான் ஏறும்.

அந்த வாலை யாரும் நறுக்கிவிடக் கூடாது என்பதில் கரண்ட் அக்காவுக்கு ஒரு பிடிவாதம். அதற்குக் காரணம் அவளுடைய தங்கை. சின்ன வயதில் பள்ளிக்கூடம், கடை, உறவுக்காரர் வீடு என்று எங்கே போனாலும் இவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தது, இவளைவிட இளைய அந்தத் தங்கைதான். 'அக்காவைப் பாத்துக்கோடி' என்று பெற்றவர்கள் ஒருமுறை சொன்னார்கள், அவ்வளவுதான், அவளுடைய விளையாட்டுக்கு அத்தோடு முழுக்கு. கரண்ட் அக்காவின் கல்யாணத்தன்று தங்கை அவளைக் கட்டிப்பிடித்து, "அப்பாடா, இனிமே நானும் கொஞ்சம் ஓடலாம்" என்று சிரித்தாள். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். கரண்ட் அக்காவால் மட்டும் சிரிக்க முடியவில்லை. ஓடுகிற வயதெல்லாம் தாண்டிவிட்ட பிறகு அவள் எங்கே போய் ஓடுவது?

அதனால் வாலு நடக்கத் தொடங்கிய நாளிலேயே வீட்டில் ஒரு சட்டம் போட்டாள். மகள் அம்மாவுக்கு வழிகாட்டி இல்லை. வெளியே போனால் அம்மா கையில் கம்பு, மகள் கையில் மகளுக்குப் பிடித்த ஏதோ ஒன்று. தெருவில் போகிறவர்கள் சும்மா இருப்பார்களா? "நீதான் செல்லம் அம்மாவுக்குக் கண்ணு" என்று குழந்தையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார்கள். "அவளுக்கு இருக்கிற ரெண்டு கண்ணும் அவளுக்கே வேணுங்க" என்று கரண்ட் அக்கா முகத்தில் அடித்தாற்போல் சொல்லுவாள். திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்கினாள். அந்தப் பெயர் வந்தால் வரட்டும்.

அந்த விடுமுறைக்குக் கடலோர விடுதி ஒன்றில் அறை பதிவு செய்தார்கள். அங்கே நீச்சல் குளத்துக்குள் வளைந்து வளைந்து இறங்கும் சறுக்குமரம் இருக்கிறது என்று வாலு எங்கேயோ படத்தில் பார்த்துவிட்டாள். மாதக்கணக்கில் வீட்டில் அதே பேச்சு. கிளம்புகிற நேரம் பார்த்துப் புயல் அடித்து ஊரூராகக் கம்பங்கள் சாய்ந்தன. விடுதி இருந்த பக்கம் தப்பித்தது, ஆனால் லைன்மேன்களுக்கு மட்டும் லீவு ரத்து.

"அடுத்த வருஷம் போய்க்கலாமே" என்றார் அவர்.

"ஏன், நானும் அவளும் போனா உள்ள விட மாட்டாங்களா?"

அவர் பெட்டியை இறக்கிக் கொடுத்தார்.

விடுதிக்கு அவளே போன் செய்து, தனக்குப் பார்வை இல்லை என்று முன்கூட்டியே சொன்னாள். கேட்டது ஒன்றும் பெரிய காரியமில்லை. வந்ததும் யாராவது ஒருவர் கூடவே நடந்து அறைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் குளத்துக்கும் வழி காட்ட வேண்டும். சாப்பிட என்ன இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். குளியலறையில் எந்தப் புட்டியில் என்ன இருக்கிறது என்று ஒரு தரம் சொல்லிவிட வேண்டும். "எல்லாம் ஜமாய்ச்சிடலாம் மேடம், நீங்க வாங்க" என்றார் மேனேஜர். குரலில் தேன் சொட்டியது.

போய் இறங்கினால், ஒரு சக்கர நாற்காலி வந்து முழங்காலில் இடித்தது.

"இது யாருக்கு?"

"உங்களுக்குத்தான் மேடம்" என்றது அதே தேன் குரல்.

"எனக்குக் கால் நல்லாத்தான் இருக்கு. கண்ணுதான் தெரியாது."

"பரவாயில்ல மேடம், உக்காருங்க."

பரவாயில்லையாம்! பல்வலி என்று போனவருக்குக் காலில் கட்டுப்போட்டு அனுப்புவார்கள் போலிருக்கிறது. அவள் உட்காரவில்லை. கம்பைத் தட்டிக்கொண்டு உள்ளே நடந்தாள்.

வரவேற்பு மேசையில் மேனேஜர் குனிந்து வாலுவிடம் பேச ஆரம்பித்தார். "பாப்பா, அம்மா பேர் என்ன? அம்மாவுக்குக் காலைல டீயா, காப்பியா?"

"நான் இங்கதான் சார் நிக்கிறேன். எனக்குக் காது கேக்கும். பேசவும் வரும்."

"ஆமா மேடம், ஆமா!" என்று அவர் செவிடரிடம் கத்துவதுபோலக் கத்திவிட்டு, அறைச் சாவியை வாலுவின் கையிலேயே கொடுத்தார். பிறகு குழந்தையைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டுபோய் என்னவோ குசுகுசுவென்று சொன்னார். திரும்பி வந்த வாலுவின் தோளில் கை வைத்தபோது, அவள் கழுத்தில் கயிற்றில் கோத்த ஏதோ ஒன்று கரண்ட் அக்காவின் விரலில் தட்டுப்பட்டது.

"என்னடி அது?"

"விசில்மா. அந்த மாமா குடுத்தார்."

"ஊதி என் காதைக் கிழிக்காம இருந்தா சரி" என்றாள் கரண்ட் அக்கா. விளையாட்டுச் சாமான் என்று நினைத்து அதோடு விட்டுவிட்டாள்.

கொடுத்த அறை, கடைசி வரிசையில், துணி துவைக்கும் இயந்திரங்களுக்குப் பக்கத்தில். சக்கர நாற்காலிக்காரர்களுக்கென்று கட்டியது. சுவரெல்லாம் கைப்பிடி. கூட நடந்து வழி காட்ட ஒரு ஆளும் வரவில்லை. பால்கனிக் கதவைப் பூட்டிவிட்டார்கள், வெந்நீர்க் கெட்டிலை எடுத்துவிட்டார்கள், எல்லாம் அவளுடைய பாதுகாப்புக்காம். ஏசியை இயக்கப் பொத்தானே கிடையாது, வழுவழுவென்று ஒரு கண்ணாடிப் பலகை. புட்டிகள் எல்லாம் ஒரே அச்சு. தலைக்கு ஷாம்பு என்று தேய்த்தது கைக்குப் பூசும் கிரீம். உச்சகட்டம் அறைக் கதவுதான். பார்வையற்றவர்களுக்காகப் பிரெய்ல் எழுத்தில் எண் பொறித்திருக்கிறோம் என்று போனில் அவ்வளவு பீற்றிக்கொண்டார்கள். தடவிப் பார்த்தால் அதற்கு மேல் கண்ணாடி! கை பட்டு அழுக்காகிவிடக் கூடாதாம். கரண்ட் அக்கா கதவருகே நின்று தனக்குத்தானே சிரித்தாள். சிரிக்காவிட்டால் எதையாவது தூக்கி உடைத்திருப்பாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிறவரும் அதே பாட்டைத்தான் பாடினார். "பாப்பா, அம்மா என்ன சாப்பிடுவாங்க?" கரண்ட் அக்கா பதில் சொல்வதற்குள் வாலு எழுந்து போய்த் தட்டில் எடுத்து வந்து வைத்தாள். "சூப் சூடா இருக்கு, பாத்துக் குடிம்மா" என்றாள். வீட்டில் சாப்பிட உட்காரவைக்கவே துரத்திப் பிடிக்க வேண்டிய பிள்ளை. அன்றைக்குப் புதுக் கட்டிலில் ஏறி ஒரு குதிகூடக் குதிக்கவில்லை. பயணக் களைப்பு என்று நினைத்தாள் கரண்ட் அக்கா.

மறுநாள் காலை அம்மாவும் மகளும் நீச்சல் உடையோடு குளத்தங்கரைக்குப் போனார்கள். கேட்டுக் கேட்டுக் கரண்ட் அக்காவே வழியைக் கண்டுபிடித்தாள். தண்ணீருக்குள் பிள்ளைகள் கொட்டமடித்துக்கொண்டிருந்தார்கள். சறுக்குமரத்திலிருந்து ஒவ்வொன்றாக வீறிட்டுக்கொண்டு வந்து விழும் சத்தம் காதைப் பிளந்தது. ஆனால் பக்கத்து நாற்காலி அசையவே இல்லை.

"போடி, போய் விளையாடு."

"வேணாம்மா."

"என்னடி வேணாம்? இதுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்?"

"நான் போயிட்டா உன்னை யாரும்மா பாத்துப்பாங்க?" வாலுவின் குரல் கம்மியது. "உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான்தான் பொறுப்புன்னு அந்த மாமா சொன்னார். உடனே விசிலை ஊதணுமாம். உன்னை விட்டு எங்கயும் போகக் கூடாதாம்."

கரண்ட் அக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எட்டு வருஷமாக ஒரு தெருவையும் விடாமல் சண்டை போட்டுக் காப்பாற்றி வைத்ததை, ஒரு ஆள் ஒரு நிமிஷத்தில், அதுவும் அவள் முதுகுக்குப் பின்னால், பிடுங்கி எறிந்துவிட்டான். விசிலைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். மேலே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு விறுவிறுவென்று வரவேற்பு மேசைக்குப் போனாள்.

விசில் மேசைமேல் போய் விழுந்தது. "இதை யார் குடுத்தது?"

"உங்க பாதுகாப்புக்குத்தான் மேடம்..."

"என் பாதுகாப்புக்கு எட்டு வயசுக் குழந்தையா? உங்ககிட்ட வேலை பாக்குற இத்தனை பேர்ல ஒருத்தர் கூட எனக்கு வழி காட்ட வரல. அந்த வேலைக்குச் சம்பளம் இல்லாம என் பொண்ண வச்சுக்கிட்டீங்களா?"

மேனேஜர் பதறிப்போனார். வேறு நல்ல அறை தருகிறேன் என்றார். இரவுச் சாப்பாடு எங்கள் செலவு என்றார். மன்னிப்பும் கேட்டார்.

"எனக்கு எதுவும் வேணாம். எங்கிட்ட மன்னிப்பும் கேக்க வேணாம். பொறுப்புன்னு அவகிட்டதானே சொன்னீங்க? இல்லன்னும் அவகிட்டயே வந்து சொல்லுங்க."

வந்தார். "பாப்பா, நீ போய் விளையாடு. அம்மாவை நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

"அது இல்ல. நான் என்ன தொட்டில்ல கெடக்குற குழந்தையா, நீங்க பாத்துக்க? 'அம்மா பெரியவங்க, அவங்களை அவங்களே பாத்துப்பாங்க, நான் சொன்னது தப்பு.' இதைச் சொல்லுங்க."

சுற்றிலும் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள் போலிருக்கிறது, பேச்சுச் சத்தம் அடங்கிவிட்டது. மேனேஜர் கசப்பு மருந்து குடிப்பதுபோல ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லி முடித்தார்.

"அப்போ நான் பொறுப்பு இல்லையா?" என்று கேட்டாள் வாலு.

"இல்ல பாப்பா."

வாலு போனாள். சறுக்கி விழும் சத்தம் கேட்டது. கரண்ட் அக்கா மூச்சு விட்டாள். உடனே சொதசொதவென்று ஈரக் கால்கள் ஓடி வந்தன. ஒரு சில்லிட்ட கை அவள் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஓடிவிட்டது. மறுபடியும் ஒரு சறுக்கல், மறுபடியும் அதே ஓட்டம், அதே தொடல். அந்த ஆள் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டார், குழந்தை அந்தப் பாரத்தை இன்னும் இறக்கி வைக்கவில்லை. கரண்ட் அக்காவுக்கு அழுகை முட்டியது, அதைவிட அதிகமாக ஆத்திரம். இந்த நாற்காலியில் இப்படி உட்கார்ந்திருக்கும்வரை வாலு வந்து தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள். அக்காக்காரியாக ஒருமுறை உட்கார்ந்து பார்த்தாயிற்று, அம்மாவாக இன்னொரு முறை முடியாது.

எழுந்து, தண்ணீர்ச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு கம்போடு நடந்தாள். குளத்துக்குக் காவல் இருக்கும் லைஃப்கார்டின் குரலைக் கேட்டு அவரிடம் நின்றாள். "தம்பி, இந்தச் சறுக்குமரத்துல நான் ஏறணும். எப்படி இருக்கும்னு சொல்லுங்க."

அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "படிக்கட்டுல ரெண்டு பக்கமும் கைப்பிடி இருக்குக்கா. மேல போனதும் உக்காந்து காலை நீட்டிக்கங்க. நடுவுல ரெண்டு வளைவு வரும். கீழ தண்ணி உங்க இடுப்பளவுதான், நான் அங்க நிப்பேன்."

அவ்வளவுதான். இந்த நாலு வார்த்தையைச் சொல்லத்தான் அந்த விடுதி முழுவதிலும் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

கம்பை அவரிடம் கொடுத்துவிட்டு வரிசையில் நின்றாள். பின்னாலிருந்து, "ஐயோ, அம்மா! நீயா?" என்று வாலு கூவினாள். "ஆமா, நான்தான்" என்று சொல்லிவிட்டு ஏறினாள். மேலே உட்கார்ந்து கால்களை நீட்டினாள். தண்ணீர் அவளைத் தாண்டிக் கீழே பாய்ந்தது. பிறந்ததிலிருந்து அவள் சறுக்கியதே இல்லை. நிஜமாகவே பயம் வந்துவிட்டது. கைப்பிடியை விட மனசு வரவில்லை.

கீழேயிருந்து மேனேஜரின் குரல் அலறியது. "மேடம், வேணாம்! பாப்பா! பாப்பா, அம்மாவைப் பிடி! விடாத, பிடி!"

ஒரு சின்ன ஈரக் கை கரண்ட் அக்காவின் முதுகில் வந்து பட்டது.

"சீக்கிரம் போம்மா! பின்னாடி இத்தனை பேர் வரிசைல நிக்கிறோம்ல?" என்று கத்தி, வாலு அவளை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டாள்.