எக்ஸ்ரே அறையில் மஞ்சள் கயிறு வைத்திருந்த எங்கள் அக்கா

எங்கள் அக்கா எங்களைப் பிரிந்து இந்த ஞாயிற்றுக்கிழமையோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அக்காவின் நல்ல குணங்களை மட்டும் எழுதினால் போதும் என்றுதான் வீட்டில் சொன்னார்கள். எழுத உட்கார்ந்த பிறகு, என்னைப் பற்றிய ஒன்றைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது என்று தெரிந்தது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது படாளத்தில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு எங்களை வளர்த்தார்கள். அப்பாவுக்கு இருமல் விடாமல் இருந்தபோது நெஞ்சுப் படம் எடுக்கச் சொன்னார்கள். படம் எடுத்தால் ரத்தம் சுண்டிவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அப்பா மூன்று மாதம் தள்ளிப்போட்டார். படம் எடுத்தபோது நோய் முற்றியிருந்தது. அக்கா அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. அதன்பின் எக்ஸ்ரே எடுக்கும் படிப்பைத்தான் படிப்பேன் என்று பிடிவாதமாகச் சேர்ந்தார்.

செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. நெஞ்சுப் படம் எடுக்கும்போது கழுத்தில் உலோகம் இருக்கக் கூடாது. கிராமத்திலிருந்து வரும் பெண்கள் தாலியைக் கழற்ற மாட்டார்கள். ஒருநாள் நான் அங்கிருந்தபோது ஒரு பெண் கத்தினார். “கட்டினவரு குத்துக்கல்லாட்டம் வெளிய ஒக்காந்துகினு கீறாரு. நான் இன்னாத்துக்குக் கழட்டணும்?”

அக்கா மேசை இழுப்பறையிலிருந்து மஞ்சள் தடவிய நூல் கயிறு ஒன்றை எடுத்தார். “மொதல்ல இத்தக் கட்டிக்கோம்மா. அப்புறமா அத்த எடு. கழுத்து ஒரு நிமிசம் கூட சும்மா இருக்காது.” அந்தப் பெண் கட்டிக்கொண்டார். அதன் பிறகு மூச்சை இழுத்துப் பிடித்து அசையாமல் நின்றார்.

இது எங்கள் ஜெப வீட்டுக்குத் தெரிந்து பேச்சானது. விசுவாசி கையில் மஞ்சள் கயிறா என்று போதகர் கூட்டத்திலேயே கேட்டார். “அது எனுக்கு இல்ல ஐயா, அவுங்க பயத்துக்கு,” என்றார் அக்கா. “பயம் போனாத்தான் ஆடாம நிப்பாங்க. ஆடினா படம் வீணா பூடும்.” கூட்டத்தில் சிலர் சிரித்துவிட்டார்கள். போதகர் சிரிக்கவில்லை. ஆனாலும் அக்கா ஒரு ஞாயிறுகூட ஆராதனைக்குப் போகாமல் இருந்ததில்லை.

பெண் பார்க்க வந்தவர்கள் உண்டு. மாப்பிள்ளையின் அம்மா ஒருவர், “எக்ஸ்ரே ரூம்ல வேல செய்யற பொண்ணுக்குக் கொழந்த தங்காதாமே?” என்று நேராகவே கேட்டார். “ஆமாங்க, சம்பளமும் தங்கறதில்ல,” என்று சொல்லிவிட்டு அக்கா காபி டம்ளரை நீட்டினார். அந்த இடம் அமையவில்லை. அதற்குப் பின் வந்தவையும் அமையவில்லை. அக்கா அதைப் பற்றி எங்களிடம் பேசியதே கிடையாது.

பிறகு மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கடலோரக் குப்பம் ஒன்றை அடுத்திருந்த சிறிய மருத்துவமனைக்கு மாறி, அங்கேயே வாடகை வீட்டில் இருந்தார். வலை இழுத்துத் தோள் இறங்கியவர்கள் எல்லோரும் அவரிடம்தான் வருவார்கள். எனக்குக் கல்யாணமாகி எட்டு ஆண்டுகள் குழந்தையில்லாமல் இருந்தபோது, மருத்துவரிடம் போக எங்களை விரட்டியவர் அக்காதான். மகள் பிறந்ததும் மருத்துவமனையில் முதலில் தூக்கியவரும் அவரே.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அக்காவுக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்தது. “அந்த ரூம்புலயே கெடந்துதில்ல, அதான்,” என்று துக்கம் விசாரிப்பதுபோல் வந்து சொன்னார்கள். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அளக்க வேலையில் அணியும் சிறிய அட்டையின் அறிக்கைகளை எல்லாம் அக்கா கோத்து வைத்திருந்தார். எதிலும் வரம்பு மீறியிருக்கவில்லை. மருத்துவரும் அப்படிச் சொல்ல ஆதாரமில்லை என்றார். யாரும் அந்தத் தாள்களைப் பார்க்கக் கேட்கவில்லை.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு, நாம் கரண்ட் வைப்பது என்று சொல்லும் கதிர் சிகிச்சை. ஜெபம் போதாதா, கரண்ட் எதற்கு என்று போதகர் வீட்டுக்கே வந்து வருத்தப்பட்டார். “நீங்களும் கண்ணாடி போட்டுகினுதான ஐயா வசனம் படிக்கிறீங்க?” என்றார் அக்கா. அவ்வளவு பலவீனத்திலும் குரலில் குறும்பு இருந்தது.

அந்த நாட்களில்தான் நம் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. கரண்ட் வைத்தவர் உடம்பிலிருந்து கதிர் வரும், குழந்தைகளை அருகில் விடாதீர்கள் என்று. அனுப்பியவரைக் குறை சொல்ல மாட்டேன். நானே அதை நான்கு பேருக்கு அனுப்பினேன். நான் டிப்ளமா படித்தவன், மறைமலைநகரில் தொழிற்சாலையில் இயந்திரத்தோடு வேலை செய்கிறவன். “மிசின நிறுத்தினா அதோட முடிஞ்சிதுடா, ஒடம்புல ஒண்ணும் தங்காது,” என்று அக்கா போனில் சொன்னபோது, “தெரியும்க்கா” என்றேன். தெரிந்தும் மகளை அழைத்துப் போகவில்லை. நான் மட்டும் போய் வருவேன். திரும்பி வந்ததும் குளித்துவிட்டுத்தான் மகளைத் தொடுவேன்.

“பாப்பா வரலியா?”

“பரீட்சை இருக்குக்கா.”

“மூணாங்கிளாசுக்கு எத்தினி பரீட்சடா? கலெக்டருக்கா படிக்கிறா?”

பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள் என்ற மீன் விற்கும் அம்மா அங்கேயே இருந்தார். “இன்னா தம்பி, கொழந்தைய பூட்டு போட்டு வச்சிகினு கீறியா? எம் பசங்க ரெண்டும் அந்தம்மா கட்டில்லதான் ஏறிக் குதிக்குதுங்க. இன்னா ஆயிடிச்சி?”

மகள் அழுது அடம்பிடித்ததால் ஒருநாள் அழைத்துப் போனேன். அக்கா வாசலுக்கு வந்து நின்றார். “அத்தே” என்று மகள் ஓடினாள். நான் அவள் கையை எட்டிப் பிடித்து நிறுத்தினேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார். உடனே தம் இரு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

“அங்கியே நில்லு கண்ணு. அத்தைக்குச் சளி. ஒனுக்கு ஒட்டிக்கும்.”

முன்பின் தெரியாதவர்களின் பயத்தையெல்லாம் போக்கி அனுப்பியவர், என் பயத்தை என் பிள்ளையிடம் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று பொய் சொன்னார். அதன் பிறகு பாப்பா வரவில்லையா என்று அக்கா என்னிடம் கேட்கவே இல்லை. நோய் கல்லீரலுக்குப் பரவி, ஆறு வாரங்களில் போய்விட்டார்.

இந்த ஓராண்டில் பலரிடம் கடன்பட்டிருக்கிறேன். கடைசி வரை அக்காவைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, அதே கையால் தம் பிள்ளைகளுக்கும் ஊட்டிய கன்னியம்மாளுக்கு நன்றி. ஆபத்து உண்டா என்று அவர் எந்த மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்காமலே ஷிஃப்ட் மாற்றிக்கொடுத்த என் தொழிற்சாலை நண்பர்களுக்கு நன்றி. அடக்க ஆராதனையில் வசனம் படிக்க வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, படிக்க முடியாமல் அழுத போதகருக்கு நன்றி. அவர் அக்காவை நேசித்தவர்தான்.

பெட்டியை மூடும் முன் என் மகள் என் சட்டையை இழுத்து, “இப்பத் தொடலாமாப்பா?” என்று கேட்டாள். அங்கிருந்த உங்களில் பலருக்கு அது கேட்டிருக்கும். நான் தலையை மட்டும் அசைத்தேன். அவள் தொட்டுவிட்டு, “ஜில்லுனு கீதுப்பா” என்றாள்.

அவள் இப்போது தமிழ் நன்றாகவே படிக்கிறாள். இதையும் படிப்பாள். பாப்பா, அத்தைக்குச் சளி இல்லை. நீ எல்லா நாளும் தொட்டிருக்கலாம். அப்பாதான் விடவில்லை.