படகின் பெயரால் ஒரு தேடல்

ஸோல்ஃப்ரித்துக்கு முடியாது என்று சொல்ல வாய் வராது. ஓலெசுன்ட் துறைமுகத்தில், மீன்பிடிப் படகுகள் தங்கள் இருப்பிடத்தை அனுப்ப அனுப்ப அதைச் சேர்த்துவைத்து மீட்புப் படகுக்காரர்களுக்குத் திரையில் காட்டும் நிரல் அவள் பொறுப்பு. "தேடினா மெதுவா வருது" என்று யாராவது மூக்கால் அழுதால் போதும், டேட்டாபேஸில் இன்னொரு இண்டெக்ஸ் போட்டுவிடுவாள். புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு மாதிரிதான் அது. தேடியது சட்டென்று கிடைக்கும். துறைமுகத்தை வைத்துத் தேட ஒன்று, உரிமையாளரை வைத்துத் தேட ஒன்று, வலையின் வகைக்குக்கூட ஒன்று.

படகின் பெயருக்குப் போட்டது அம்மா போர்கில்டுக்காக. தம்பி யூஸ்டைன் தன் ‘ஹாவ்டிஸ்’ படகில் கடலுக்குப் போய்விட்டால், அம்மா சாயங்காலம் போனில் அந்தப் பெயரை அடித்து, பிள்ளை எங்கே இருக்கிறான் என்று பார்த்த பிறகுதான் உருளைக்கிழங்கை அடுப்பில் வைப்பாள்.

வெள்ளிக்கிழமைதோறும் அலுவலகத்தில் எல்லோரும் வாஃபிள் அப்பம் சாப்பிடும் மேசையில் சக ஊழியன் த்ரிக்வே மெல்ல ஆரம்பித்தான்.

"தேடுறதுக்கு லாபம்தான், ஸோல்ஃப்ரித். எழுதுறதுக்கு? ஒரு படகு ‘இங்க இருக்கேன்’னு சொன்னா, அதை அத்தனை இண்டெக்ஸ்லயும் எழுதி முடிச்சாத்தான் அடுத்த படகு. பாதியைத் தூக்கு."

"தூக்கிட்டா ஒவ்வொரு தேடலுக்கும் நான் நிரல்ல சுத்தி வளைச்சு எழுதணும். இப்ப பாரு, பச்சப் புள்ளைக்குக்கூடப் புரியும்."

"புயலடிச்சா எல்லாப் படகும் ஒண்ணாக் கத்தும். அப்பத் தெரியும்."

"முதல்ல சாப்பிடு. பழுப்பு சீஸ் தீர்ந்துடப்போகுது."

ஆனாலும் சோதித்துப் பார்த்தாள். காற்றே இல்லாத ஒரு நாளின் பதிவுகளைக் கொடுத்துப் பார்த்தாள். எல்லாம் பறந்தது. அதோடு நிம்மதியாக இருந்துவிட்டாள், பாவி மகள்.

ஜனவரியில் புயல் வந்தது. படகுகள் விடாமல் இருப்பிடம் அனுப்பின. எழுத வேண்டியவை வரிசையில் தேங்கின. திரை மட்டும் ஒரு குறையும் இல்லாமல் சட்சட்டென்று வந்தது, பழைய இடத்தைக் காட்டிக்கொண்டு. தண்ணீர் ஏறுகிறது என்று ஹாவ்டிஸ் ரேடியோவில் ஒருமுறை சொன்னது, பிறகு சத்தமில்லை. மீட்புப் படகு திரை காட்டிய இடத்துக்குப் போனது. அங்கே அலைதான் இருந்தது. காற்று ஹாவ்டிஸை எப்போதோ பாறைத்தீவுகளின் மறுபக்கம் கொண்டுபோய்விட்டது. அங்கே போய்ச் சேர்ந்தபோது யூஸ்டைன் உயிரோடு இல்லை.

அவளை யாரும் திட்டவில்லை. த்ரிக்வே அடக்கத்துக்கு வந்து தேம்பி அழுதான். ‘அப்பவே சொன்னேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

வேலைக்குத் திரும்பியதும் இண்டெக்ஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். அவற்றின் வேலையை நிரலுக்குள் கொண்டுவந்தாள்; இப்போது அதைப் படிப்பவர்களுக்குத் தலை சுற்றும். கடைசியில் படகின் பெயருக்கானது மிஞ்சியது. யார் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தாள். ஒரே ஒரு ஆள். தினமும் சாயங்காலம், நேற்றுகூட. தேடிய பெயர் ஹாவ்டிஸ்.

த்ரிக்வேயும் எட்டிப் பார்த்தான். "இது ஒண்ணு இருந்துட்டுப் போகட்டுமே."

"ஒண்ணு, ஒண்ணுன்னுதானே அத்தனையும் வந்துச்சு? வேற யாரோட தம்பியோ அந்த வரிசையில நிக்கிறான் த்ரிக்வே."

எடுத்துவிட்டாள். மறுநாள் சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள்.

"ஸோல்ஃப்ரித், போன்ல இந்த வட்டம் சுத்திக்கிட்டே இருக்கே. முன்னெல்லாம் பேரை அடிச்ச உடனே வந்துடுவானே."

"மத்தப் படகுங்க சீக்கிரம் தெரியணும்னு நான்தாம்மா எடுத்துட்டேன். இனிமே இப்படி மெதுவாத்தான் வரும்."

அடுப்பில் தண்ணீர் கொதிப்பது போனில் கேட்டது.

"மெதுவாவே வரட்டும்" என்றாள் அம்மா பிறகு. "அது சுத்துறப்ப, அவன் இன்னும் வந்துக்கிட்டு இருக்கிற மாதிரி இருக்கு."